சாம்பலும் சவர்க்காரமும்: துப்புரவின் சமூக வரலாறு

சுற்றாடலுக்குத் தீங்கு விளையாதவாறு வீட்டைத் துப்புரவு செய்வது எவ்வாறு என்னும் வினா இன்று பல இடங்களிலும் எழுப்பப்படுகின்றது. வினா நல்லதே. ஆயினும் அதற்கு அளிக்கப்படும் விடை பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைந்துவிடுகின்றது. நம் முன்னோர் சாம்பலும் சாணமும் பூவந்தியும் சீயக்காயும் கொண்டு இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர். இடையில் வந்த இரசாயனம் யாவற்றையும் கெடுத்தது. ஆகவே பழைமைக்குத் திரும்புவோம் என்பதே அவ்வாய்பாடு. கேட்பதற்கு இனிமையான கூற்றுத்தான். ஆனால் வரலாற்றை நோக்குவோர் இனிமையோடு அமைந்துவிட இயலாது. அந்தச் சாம்பலை அள்ளிய கை யாருடையது? அந்தச் சாணத்தைப் பொறுக்கி வந்தவர் யார்? வீட்டிலிருந்து அகற்றப்பட்ட அழுக்கு எங்கே போய்ச் சேர்ந்தது? இவ்வினாக்களை எழுப்பாமல் துப்புரவின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் பாதியை மறைத்தவராவர்.

அழுக்கு அழிவதில்லை, இடம் மாறுகின்றது. துணியிலிருந்து நீருக்கும், நீரிலிருந்து நிலத்துக்கும், வீட்டிலிருந்து தெருவுக்கும், நகரிலிருந்து சேரிக்கும், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கும் அது போகின்றது. அதனை இடம் மாற்றுவதற்கு உழைப்பு வேண்டும். எந்தச் சமுதாயத்திலும் அவ்வுழைப்பை யார் செய்கின்றனர், அழுக்கு யாருடைய வாசலில் வந்து விழுகின்றது என்ற இரண்டு வினாக்களுக்கும் விடை கண்டால், அச்சமுதாயத்தின் அமைப்பு முழுவதும் நமக்கு விளங்கிவிடும். இக்கருத்தை மனத்திற்கொண்டு, சாம்பலிலிருந்து சவர்க்காரத்துக்கும், சவர்க்காரத்திலிருந்து இன்றைய சவர்க்காரத்தூளுக்கும் நீளும் பாதையைச் சுருக்கமாக நோக்குவோம்.

களர்நிலமும் புலைத்தியும்

ஈழத்தமிழர் வழங்கும் சவர்க்காரம் என்னும் சொல்லின் ஈற்றில் ‘காரம்’ நிற்கின்றது. எண்ணெயும் கொழுப்பும் நீரில் கரையா. காரம் அவற்றோடு சேரும்போது அவை நீரோடு செல்லக்கூடிய பொருளாக மாறுகின்றன. இதனை மனிதன் கற்றது ஆய்வுகூடத்தில் அன்று, அடுப்படியில். விறகுச் சாம்பலில், சிறப்பாகத் தேங்காய்ப் பொச்சுமட்டையின் சாம்பலில், பொற்றாசியம் காபனேற்று மிகுதியாக உண்டு. எண்ணெய் பிசுபிசுத்த சட்டியைச் சாம்பலும் தும்பும் கொண்டு தேய்க்கும் பெண், தான் அறியாமலே சட்டியின் மேற்பரப்பில் ஒரு துளி சவர்க்காரத்தை ஆக்கிக்கொள்கின்றாள். காரத்தைக் குறிக்க மேலைநாட்டார் வழங்கும் ‘அல்கலி’ என்ற சொல்லும் அரபு மொழியில் தாவரச் சாம்பலைக் குறித்த சொல்லின் வழிவந்ததே. செப்புக்குடத்தின் களிம்பைப் பழப்புளி நீக்குவது அதன் அமிலத்தால். பூவந்திக் கொட்டை நுரைப்பது அதிலுள்ள சப்போனின் என்னும் பொருளால். இவற்றில் மந்திரம் ஏதுமில்லை. பரம்பரை பரம்பரையாக உழைப்பாளர் கண்டறிந்து கைமாற்றிய அனுபவ விஞ்ஞானமே இது.

இவ்வறிவின் பழைமைக்குச் சங்க இலக்கியம் சான்று பகர்கின்றது. களர்நிலத்திலே தோண்டப்பட்ட கிணற்று நீரில் புலைத்தி ஒருத்தி நாள்தோறும் வெளுத்துக் கொடுத்த வெண்ணிற ஆடையை அணிந்தவனாகப் போர்வீரன் ஒருவனை ஔவையார் புறநானூற்றின் 311 ஆம் பாட்டிலே காட்டுகின்றார். களர்நிலத்தின் நீர் உவர்ப்பானது. குடிக்கவும் உதவாது, பயிருக்கும் ஆகாது, ஆனால் அழுக்கை நீக்க உதவும். குறுந்தொகையின் 330 ஆம் பாட்டிலே கழார்க்கீரன் எயிற்றியார் என்னும் பெண்பாற் புலவர், துணிக்குக் கஞ்சிப்பசையிட்டு நீரில் அலசும் புலைத்தியை உவமையிலே கொண்டு வருகின்றார். வீரனின் வெள்ளாடை பாட்டிலே ஒளிர்கின்றது. அதனை வெளுத்தவளோ பெயரற்றவளாய், குலப்பெயரால் மட்டும் சுட்டப்பட்டு, களர்நிலத்தின் ஓரத்தில் நிற்கின்றாள். பின்னாளில் அந்தச் சொல் எவ்வளவு இழிபொருள் பெற்றது என்பதை நாம் அறிவோம். அழுக்கை நீக்கியவளே அழுக்கானவள் எனப்பட்ட கொடுமையின் தொன்மையான வேர்களுள் ஒன்றை இவ்வரிகளிடையே காணலாம்.

யாழ்ப்பாணத்துச் சமுதாயத்தில் இது குடிமை முறையாக உறுதிப்பட்டது. வண்ணார் உவர்மண்ணிலே துணியைத் தோய்த்து, வெள்ளாவி வைத்து, கல்லிலே அடித்து வெளுத்தனர். இன்றைய மொழியிற் கூறினால் அது முழுக்க முழுக்கச் ‘சுற்றாடலுக்கு இசைவான’ முறை. மண் மண்ணோடு சேர்ந்தது. நீர் நீரோடு சேர்ந்தது. ஆனால் அம்முறையின் விலையைக் கொடுத்தவர் யார்? பிறப்பிலும் இறப்பிலும் பெண்களின் மாதவிலக்கிலும் ‘துடக்கு’ எனப்பட்ட துணிகள் யாவும் அவர்களின் கைக்கே சென்றன. கூலி பணமாக அன்றி, பெரும்பாலும் நெல்லாகவும் சோறாகவும், வேண்டியபோது தருவதாகவும் இருந்தது. தொழிலை விடும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. ஒடுக்கப்பட்டோருக்கே துணிவெளுத்த துரும்பர், உயர்சாதியினர் கண்ணிற் பகலிலே படலாகாது என்னும் விதிக்கு ஆளாயிருந்தனர். தமிழ்நாட்டிலும் இத்தகைய நிலைமை இருந்தமையை, 1994 இல் வெளிவந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவலைப் படித்தோர் அறிவர். அங்கே தாழ்த்தப்பட்டோருக்கு வெளுக்கும் ஒரு பெண்ணின் வாழ்வே கதையாகின்றது.

வீட்டின் உள்ளேயும் இதுவே நிலை. மண்தரையைச் சாணமிட்டு மெழுகுவது தூசியை அடக்கும், தரையை இறுக்கும், வெடிப்பை மூடும். பயனுள்ள முறைதான். ஆனால் வைகறையில் எழுந்து, குனிந்த இடுப்பு நிமிராமல், கையால் அதனைச் செய்தவர் பெண்களே. சாணம் எல்லாக் கிருமிகளையும் கொல்லும் என இன்று சிலர் மேடையேறிப் பேசுகின்றனர். ஏற்புவலிக் கிருமியின் வித்துக்கள் சாணத்தில் இருக்கக்கூடும் என்பதும், தொப்புள்கொடியில் சாணம் பூசப்பட்ட பச்சிளங் குழந்தைகள் அந்நோயால் மாண்டனர் என்பதும் மருத்துவ உலகம் அறிந்த செய்திகள். பழைமையை மதிப்பது வேறு. அதனை வழிபடுவது வேறு.

காடு எரித்த சாம்பல்

இது தமிழருக்கு மட்டும் உரிய கதை அன்று. உரோம நகரங்களிலே துணிவெளுப்போர் மனிதரின் சிறுநீரைச் சாடிகளிலே சேர்த்துப் புளிக்க வைத்து, அதிலுண்டாகும் அமோனியாவைக் கொண்டு கம்பளி ஆடைகளை வெளுத்தனர். தொட்டிகளுள் இறங்கி, மணிக்கணக்காகக் காலால் மிதித்தவர் அடிமைகளும் ஏழைகளும் ஆவர். அந்தச் சிறுநீருக்கு வெசுபாசியன் என்ற பேரரசன் வரி விதித்தான். செனற்றரின் வெண்ணிற மேலாடை அவ்வாறுதான் வெண்மை பெற்றது. ஆட்டுக்கொழுப்பையும் சாம்பலையும் சேர்த்துச் சவர்க்காரம் செய்யும் முறையைக் கோல் நாட்டாரின் கண்டுபிடிப்பாகப் பிளினி எழுதிவைத்தார். ஆனால் அவர்கள் அதனைக் கூந்தலுக்கு நிறமூட்டவே பயன்படுத்தினர் என்கின்றார்.

மத்திய காலத்திலே அலெப்போவிலும் பின்னர் மார்செயிலிலும் ஒலிவ் எண்ணெய்ச் சவர்க்காரம் பெருந்தொழிலாயிற்று. மார்செயிற் சவர்க்காரத்தில் ஒலிவ் எண்ணெய் தவிர வேறு கொழுப்புச் சேர்த்தலாகாது என 1688 ஆம் ஆண்டிலே பதினான்காம் லூயியின் ஆணை பிறந்தது. நெசவுத்தொழிலும் கண்ணாடித்தொழிலும் வளர வளரக் காரத்தின் தேவையும் பெருகிற்று. காரத்துக்குச் சாம்பல் வேண்டும். சாம்பலுக்குக் காடு வேண்டும். உருசியாவிலும் வட அமெரிக்காவிலும் பெருங்காடுகள் வெட்டியெரிக்கப்பட்டு, அவற்றின் சாம்பல் கப்பலேறியது. ஐக்கிய அமெரிக்கா 1790 ஆம் ஆண்டில் வழங்கிய முதலாவது ஆக்கவுரிமைப் பத்திரமே சாம்பற்காரம் செய்யும் முறைக்குரியது என்பது சிந்தனைக்குரிய செய்தி. ஓர் அடுப்படியின் சாம்பல் இயற்கைக்குத் தீங்கற்றது. ஒரு கண்டத்தின் நெசவாலைகளுக்கு வேண்டிய சாம்பலோ ஒரு கண்டத்தின் காட்டையே தின்றது. ஒரு பொருள் இயற்கையானதா என்று மட்டும் கேட்பது போதாது. எவ்வளவு, யாருடைய இலாபத்துக்காக, எதனை அழித்து என்றும் கேட்டல் வேண்டும்.

லெப்பிளாங்கின் புகைபோக்கி

சாம்பலுக்குப் பதிலாகக் கடலுப்பிலிருந்து காரம் எடுக்கும் முறையைப் பிரெஞ்சு மருத்துவர் நிக்கொலா லெப்பிளாங்கு கண்டறிந்து, 1791 இல் அதற்கு உரிமம் பெற்றார். புரட்சியின் சுழலிலே அவருடைய தொழிற்சாலை பறிபோயிற்று. அறிவித்த பரிசும் அவர் கைக்கு எட்டவில்லை. வறுமையுற்று, 1806 இல் தற்கொலை செய்துகொண்டார். அவர் கண்ட முறையோ பிரித்தானிய முதலாளிகளைச் செல்வராக்கிற்று. 1820களில் யேம்சு மசுபிராட்டு லிவர்ப்பூலிலே அதனைப் பேரளவில் தொடங்கினார். சென் எலன்சு, விட்னசு ஆகிய ஊர்கள் காரத்தொழிலின் தலைநகர்களாயின.

உப்பையும் சல்பூரிக்கமிலத்தையும் சேர்க்கும்போது ஐதரசன் குளோரைட்டு என்னும் அரிக்கும் வாயு வெளிப்படும். முதலாளிகள் அதனை உயர்ந்த புகைபோக்கிகளின் வழியே வானில் விட்டனர். சுற்றுவட்டாரத்தில் மரங்கள் பட்டன, பயிர்கள் கருகின, மக்கள் இருமினர். எஞ்சிய கழிவு மலைபோற் குவிந்து, அழுகிய முட்டையின் நாற்றத்தை வீசிற்று. மக்களின், சிறப்பாக நிலவுடைமையாளரின், முறைப்பாடுகளின் பயனாக 1863 இல் காரத்தொழிற் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாயுவில் நூற்றுக்கு 95 பங்கை நீரிலே அடக்குமாறு அது விதித்தது. அதன் முதற் கண்காணிப்பாளரான இராபட்டு அங்கசு சிமித்து என்பவரே ‘அமில மழை’ என்னும் தொடரை வழங்கியவர். வானுக்குச் சென்ற நஞ்சு பின்பு ஆற்றுக்குச் சென்றது. ஆறும் கெட்டபின்னர், அதிலே காசு உண்டு எனக் கண்ட முதலாளிகள் அவ்வமிலத்திலிருந்து குளோரீனைப் பிரித்து, வெளிற்றும் தூளாக்கி விற்றனர்.

தூளை அடைக்கும் அறைகளிலே, வாயிலும் மூக்கிலும் துணிமடிப்புகளை இறுகக் கட்டிக்கொண்டு தொழிலாளர் வேலை செய்தனர். அமில வாயு அவர்களின் பற்களைத் தின்றது. 1897 இல் இராபட்டு செராட்டு என்பவர் ‘இங்கிலாந்தின் வெள்ளை அடிமைகள்’ என்னும் நூலிலே இவர்களின் நிலையை எழுதினார். இலண்டன் மாளிகையின் மேசைவிரிப்பு பளிச்சென வெளுத்தது விட்னசுத் தொழிலாளியின் பல்லைக் கொடுத்தே எனலாம்.

எனினும் கதையின் மறுபக்கத்தையும் கூறுதல் நேர்மையாகும். 1847 இல் வியன்னா மருத்துவமனையிலே இக்னாசு செமல்வைசு என்னும் மருத்துவர், பிணவறையிலிருந்து வரும் வைத்தியர் குளோரீன் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலிலே கை கழுவிய பின்னரே பிரசவம் பார்க்க வேண்டும் என விதித்தார். அவர் பணிபுரிந்த பகுதியில் 1846 இல் 100 தாய்மாருள் 11 பேருக்கு மேல் மாண்டனர். 1848 இலோ 100 க்கு ஏறத்தாழ ஒருவரே மாண்டார். வைத்திய உலகம் அவரை எள்ளிற்று என்பதும் வரலாறே. அதே பொருள் விட்னசிலே நுரையீரலை அரித்தது; வியன்னாவிலே தாய்மாரைக் காத்தது. இரசாயனம் எனக் கேட்டதும் முகஞ்சுளிப்போர் இதனை மறத்தலாகாது. விஞ்ஞானம் குற்றவாளியன்று. அது யாருடைய கையில், எந்த நோக்கத்துக்காக இயங்குகின்றது என்பதே வினா.

சூரிய ஒளியும் கொங்கோவின் இருளும்

இங்கிலாந்திலே 1712 முதல் இருந்த சவர்க்கார வரி 1853 இல் நீக்கப்பட்டது. தொழிலாளர் வீடுகளுக்கும் சவர்க்காரம் எட்டலாயிற்று. இதனை முற்போக்கு என்றே கொள்ளல் வேண்டும். இச்சந்தையை நன்கு உணர்ந்தவர் வில்லியம் லீவர். 1884 இல் ‘சன்லைட்டு’ என்னும் பெயரைப் பதிந்து, கட்டியாக வெட்டி, தாளிற் சுற்றி, விளம்பரத்தோடு விற்கத் தொடங்கினார். 1888 இல் தம் தொழிலாளருக்கெனப் போட் சன்லைட்டு என்னும் அழகிய ஊரையே எழுப்பினார். தொழிலாளரிடம் இரக்கம் மிக்க முதலாளி எனப் புகழ் பெற்றார்.

சவர்க்காரத்துக்கு எண்ணெய் வேண்டும். முற்காலத்து மாட்டுக்கொழுப்பு போதவில்லை. மேற்காபிரிக்காவின் எண்ணெய்ப்பனையும் ஆசியாவின் தெங்கும் அத்தேவையை நிறைத்தன. 1911 இல் பெல்ஜிய அரசோடு செய்த உடன்படிக்கையின்படி லீவர் நிறுவனம் கொங்கோவிலே பரந்த நிலப்பரப்புகளில் எண்ணெய்ப்பனைக் காய் பறிக்கும் உரிமையைப் பெற்றது. மனமுவந்து வேலைக்கு வராத ஆபிரிக்கரை வரியாலும் சவுக்காலும் அரசு உத்தியோகத்தரின் வற்புறுத்தலாலும் பனை உச்சிக்கு ஏற்றினர். 1931 இல், காய்விலை வீழ்ந்து வரிச்சுமை மிகுந்த வேளையில், குவிலு பிரதேசத்துப் பெண்டே மக்கள் கிளர்ந்தெழுந்தனர். படையினர் நூற்றுக்கணக்கானோரைக் கொன்று அதனை அடக்கினர். போட் சன்லைட்டின் பூந்தோட்டத்தையும் குவிலுவின் பிணங்களையும் ஒரே கணக்கேட்டிலே வைத்துப் படித்தாலன்றிச் சவர்க்காரத்தின் விலை நமக்குப் புலனாகாது.

அக்காலத்து விளம்பரங்களை நோக்குக. கறுப்பு நிறக் குழந்தையைக் கழுவி வெள்ளையாக்குவதாக ஒரு படம். அமெரிக்கக் கடற்படைத் தலைவர் ஒருவர் கை கழுவும் படத்தோடு, ‘வெள்ளையரின் சுமை’யைச் சுமப்பதற்குச் சவர்க்காரமே முதற்படி என 1899 இல் வந்த இன்னொரு விளம்பரம். துப்புரவு என்பது நாகரிகத்தின் அடையாளமென்றும், நாகரிகம் என்பது வெள்ளையரின் உடைமையென்றும் சவர்க்காரத்தாளிலேயே ஏகாதிபத்தியம் பாடம் நடத்திற்று. துடக்கு என்னும் கருத்தால் நம் சாதியமைப்புச் செய்த வேலையை, அங்கே நிறம் என்னும் கருத்து செய்தது.

இலங்கை இச்சங்கிலியின் புறத்தே நிற்கவில்லை. தேங்காயெண்ணெய் நன்கு நுரைக்கும் சவர்க்காரத்துக்கு இன்றியமையாதது. அதனால் இந்நாட்டுக் கொப்பறாவும் எண்ணெயும் பிரித்தானியாவுக்குச் சென்றன. அவற்றிலிருந்து செய்த பண்டம் விலையேறித் திரும்பி வந்தது. 1938 இல் லீவர் நிறுவனம் கொழும்பிலே தன் கிளையை நிறுவிற்று. எண்ணெயைக் கொடுத்துச் சவர்க்காரத்தை வாங்கியமை குடியேற்றப் பொருளாதாரத்தின் முழுப்பாடத்தையும் ஒரு கட்டியிலே அடக்கிக் காட்டுகின்றது.

கிணற்றடியில் நிகழ்ந்த மாற்றம்

சவர்க்காரம் கிராமத்துக் கிணற்றடிக்கு வந்தபோது என்ன நிகழ்ந்தது? உவர்மண்ணும் வெள்ளாவியும் ஒரு குலத்தின் கட்டாயத் தொழிலாயிருந்த நிலை தளர இடமுண்டாயிற்று. கடையிலே கட்டி வாங்கிய எவரும் தம் துணியைத் தாமே தோய்க்கலாம். தொழில்முறையாக வெளுத்தோரும் பட்டினத்திலே சலவைநிலையம் வைத்து, காசுக்குக் கணக்காக வேலை செய்யலாம். குடிமை உறவு கூலி உறவாக மாறுவதற்கான பொருள்வழி இதனால் அகன்றது. ஆனால் பண்டம் ஒன்று தானாகவே விடுதலையைக் கொண்டுவந்தது எனல் பிழையாகும். 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும், 1966 அக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதன் பின் தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் நிகழ்ந்த போராட்டங்களும் இல்லாதிருப்பின், கையிலே சவர்க்காரம் இருந்தும் கிணற்றிலே நீரள்ள உரிமையில்லாதவராகவே பல்லாயிரவர் இருந்திருப்பர். நீருக்கு உரிமை இல்லாதவனிடம் சுத்தத்தைப் போதிப்பதிலும் பெரிய கேலி வேறில்லை.

நகரங்களின் கதை இன்னும் கசப்பானது. வாளிக் கக்கூசுகளைச் சுத்திகரிக்க நகரசபைகள் தென்னிந்தியாவிலிருந்து ஒடுக்கப்பட்ட சாதித் தொழிலாளரை வருவித்து, ஒதுக்குப்புறத்து வரிசை வீடுகளிலே குடியிருத்தின. அவர்கள் சுமந்த வாளி மறைந்தது. அவர்களின் பேரப்பிள்ளைகளுள் பலர் இன்றும் அதே குடியிருப்புகளில் வாழ்ந்து, அதே நகரங்களின் குப்பையை அள்ளுகின்றனர்.

நுரை தந்த பாடம்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேலே அமைந்தது. கிணற்று நீரிலே கல்சியம் உப்புக்கள் மிகுதி. அந்நீரிலே சவர்க்காரம் எளிதில் நுரைக்காது. வெண்மையான பசையாகத் திரண்டு துணியிலே படியும். வன்னீர் உள்ள ஊரெங்கும் இத்தொல்லை உண்டு. இதற்கு விடையாக வந்தது செயற்கை அழுக்ககற்றி. முதலாம் உலகப்போரில் கொழுப்புக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது யேர்மனிய இரசாயனர் அதனை ஆக்கினர். 1946 இல் ஐக்கிய அமெரிக்காவிலே ‘டைட்’ என்னும் தூள் சந்தைக்கு வந்தபின், பெற்றோலியத்திலிருந்து பிறந்த அழுக்ககற்றி உலகை வென்றது.

விரைவிலேயே ஆறுகள் நுரைத்தன. அக்காலத்து அழுக்ககற்றியின் மூலக்கூற்றை நீரிலுள்ள நுண்ணுயிர்களால் எளிதில் உடைக்க முடியவில்லை. 1959 இன் வறண்ட கோடையிலே யேர்மனியின் நெக்கார் ஆற்று அணைகளிலே நுரை மலைபோல் எழுந்தது. 1961 இல் மேற்கு யேர்மனி சட்டம் இயற்றிற்று. 1965 அளவில் அமெரிக்க உற்பத்தியாளரும் சிதையக்கூடிய மூலப்பொருளுக்கு மாறினர். சட்டம் வருமென அஞ்சியபோது மாற்றுவழி உடனே கண்டுபிடிக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. வழி இல்லாமலில்லை, கட்டாயமே இல்லாதிருந்தது.

அடுத்து வந்தது பொசுபேற்றுப் பிரச்சினை. வன்னீரை மென்னீராக்கத் தூளிலே பொசுபேற்றைச் சேர்த்தனர். பயிருக்கு உரமாவது பாசிக்கும் உரமாகும். வட அமெரிக்காவின் ஈரி ஏரி பாசி படர்ந்து, ஒட்சிசன் குன்றி, மீன் மடியும் நிலையை அடைந்தது. பாசிக்குக் காரணம் பொசுபேற்று அன்று, காபனே என உற்பத்தியாளர் தரப்பினர் வாதாடினர். 1973 இல் கனடாவிலே தாவீது சின்லர் என்னும் விஞ்ஞானியின் குழுவினர் ஒரு சிறிய ஏரியைத் திரையால் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதிக்குக் காபனும் நைதரசனும் இட்டனர். மறு பாதிக்கு அவற்றோடு பொசுபரசையும் சேர்த்து இட்டனர். பொசுபரசு பெற்ற பாதி மட்டும் பச்சையாயிற்று. வானிலிருந்து எடுத்த ஒரு படம் பல்லாண்டு வாதத்தை முடித்தது. அதற்கு முன்னரே, 1972 இல் இரு நாடுகளும் பேரேரிகளின் நீரைக் காக்க உடன்படிக்கை செய்திருந்தன. வீட்டுச் சலவைத்தூளிலே பொசுபேற்றை ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் இறுக்கமாகக் கட்டுப்படுத்திற்று.

இவற்றை நாம் தொலைநாட்டுச் செய்திகளாகக் கொள்ளலாகாது. குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் பிளவுகளூடே இறங்கி நிலத்தடியிலே தங்குகின்றது. அதையே நாம் அள்ளிக் குடிக்கின்றோம். கிணற்றடியிலே ஊற்றியது கிணற்றுக்கே திரும்பும் நிலம் இது. இங்கே அழுக்கை அயலூருக்கு அனுப்பிவிட்டோம் என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை.

பச்சைத்தாளில் சுற்றிய பழைமை

இன்று பூவந்தியும் வேம்பும் சாம்பலும் அழகிய பொதிகளிலே, ‘இயற்கை’ என்னும் பட்டயத்தோடு பெருங்கடைகளுக்குத் திரும்பி வந்திருக்கின்றன. எந்த முதலாளித்துவம் அவற்றை நாட்டுப்புறத்தின் அநாகரிகம் என இகழ்ந்து ஒதுக்கிற்றோ, அதுவே அவற்றைப் பன்மடங்கு விலைக்கு விற்கின்றது. பச்சைத்தாள் மட்டும் பொருளைத் தூயதாக்கிவிடாது. தாவர எண்ணெயிலிருந்து செய்தது என்னும் பெருமைக்குப் பின்னால், இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் எண்ணெய்ப்பனைக்காக அழிந்த மழைக்காடுகள் இருக்கலாம். மறுபுறம், வீடெங்கும் கிருமி எனப் பயமுறுத்தி விற்ற கிருமிகொல்லிச் சவர்க்காரங்களின் கதையும் நமக்குத் தெரியும். சாதாரண சவர்க்காரத்திலும் அவை மேலானவை என்பதை உற்பத்தியாளர் நிறுவவில்லை எனக் கூறி, ஐக்கிய அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் திணைக்களம் 2016 இல் திரைக்குளோசன் உட்பட 19 பொருள்களை அவற்றிலே சேர்த்தலாகாது எனத் தீர்ப்பளித்தது.

அங்ஙனமாயின் நாம் செய்யத்தக்கது யாது? சில காரியங்கள் எளியவை. தூளை அளந்து இடுதல் வேண்டும். நுரை மிகுந்தால் சுத்தம் மிகும் என்பது விளம்பரம் ஊட்டிய மயக்கம். கேத்தலிலும் குழாயிலும் படிந்த சுண்ணாம்பை வினாகிரியும் தேசிக்காயும் கரைக்கும். எண்ணெய்ப் பிசுக்கை அப்பச்சோடாவும் சாம்பலும் நீக்கும். வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒன்றாய்க் கலத்தல் வீண்; ஒன்றையொன்று நடுநிலையாக்க, எஞ்சுவது பெரும்பாலும் உப்புநீரே. வெளிற்றும் நீரோடு அமிலத்தையோ அமோனியாவையோ ஒருபோதும் சேர்த்தலாகாது. பிறக்கும் வாயு உயிரை மாய்க்கும். அன்றாடத் தரைக்குச் சவர்க்காரமும் நீரும் போதும். தொற்றுநோய் வந்த வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் குளோரீன் வேண்டும். அடுக்களை நீரை வாழைப்பாத்திக்குப் பாய்ச்சும் வழக்கம் போற்றத்தக்கது. ஆனால் நாம் எந்தத் தூளை இடுகின்றோமோ அதையே வாழையும் குடிக்கின்றது.

இவை வீட்டளவில் ஆவன. ஆனால் நெக்கார் ஆற்றை மீட்டது ஒவ்வொரு வீட்டுப் பெண்ணின் நல்லொழுக்கம் அன்று, சட்டம். தூளிலே எவை சேர்ந்துள்ளன என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் பொதியிலே எழுதுவிக்கவும், நீரைக் கெடுப்பனவற்றைத் தடுக்கவும், கழிவுநீரைச் சுத்திகரிக்கவும் அரசை வற்புறுத்துவது கூட்டுச் செயலாலேயே ஆகும். அச்சுமை முழுவதையும் இல்லத்தரசியின் மனச்சாட்சி மேல் ஏற்றுவோர், உற்பத்தியாளரைத் தப்பவிடுகின்றனர்.

இன்னொன்றும் உண்டு, இதுவே முதன்மையானது. இரசாயனத்தைக் குறைத்தால் உழைப்புக் கூடும். சாம்பலிட்டுத் தேய்க்கக் கூடுதல் நேரம் வேண்டும். துணியை ஊறவைத்துக் கசக்கக் கூடுதல் வலு வேண்டும். அந்த நேரமும் வலுவும் யாருடையவை? பாடசாலையிலே நாள் முழுவதும் கற்பித்துத் திரும்பும் ஆசிரியையினுடையவையா? மலையகத்திலிருந்து படிப்பை விட்டுக் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுமியினுடையவையா? ஆண்கள் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்க, பெண்கள் இயற்கைக்குத் திரும்புவதாயின், அது பழைய அடிமைத்தனத்தின் புதிய பெயரேயாகும். சுற்றாடலைக் காக்கும் துப்புரவின் முதல் விதி, வீட்டிலுள்ள எல்லாக் கைகளும் தேய்ப்பதிலே பங்கு கொள்வதுதான். இரண்டாவது விதி, குப்பை அள்ளும் தொழிலாளிக்குக் கையுறையும் நியாயமான ஊதியமும் நிலையான வேலையும், தன் பிள்ளையை வேறு தொழிலுக்கு அனுப்பும் உண்மையான வாய்ப்பும் உறுதிப்படுவதாகும்.

களர்நிலத்துக் கிணற்றடியில் நின்ற புலைத்தியும், உரோமத் தொட்டியில் மிதித்த அடிமையும், விட்னசிலே பல் இழந்த தொழிலாளியும், குவிலுவிலே பனையேறிய ஆபிரிக்கரும் ஒரே வரிசையில் வருபவர்கள். உலகை வெளுத்தவர்கள் அவர்களே. அவ்வரிசையில் இன்னொருவரைச் சேர்க்காமலும், நம் அழுக்கை அயலவர் கிணற்றுக்கு அனுப்பாமலும் நம் வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கக் கற்கும் நாளிலேயே நாம் சுத்தமானவர்கள் எனச் சொல்லிக்கொள்ளத் தகுதி பெறுவோம்.